அவங்க சொன்னதும் கனகவல்லி சொன்னதும்

கனகவல்லி அந்தச் சர்ச்சுக்குள் முதன்முதலில் போனது முழங்கால் வலிக்காக. வங்காளத்தில், பவானிபூரில் அவள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி இருக்கும் சின்ன மெதடிஸ்ட் சர்ச் அது. வியாழக்கிழமைதோறும் அதன் பக்கவாட்டுக் கூடத்தில் ஒரு டாக்டர் உட்கார்ந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பார். யார் வேண்டுமானாலும் போகலாம், என்ன மதம் என்று கேட்க மாட்டார்கள் என்று தெருவில் மீன் விற்கிறவள் சொன்னாள். கேட்டால் சொல்லிவிட்டுப் போவோம், அதிலென்ன என்று கனகவல்லி கிளம்பினாள்.

அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பிறந்தது கிடர்பூரில். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளிக்கூடத்தில் வங்காளி என்று மூன்றும் அவளுக்கு ஒரே நாக்கில் வந்தன. கல்யாணமான பிறகு பவானிபூர். கணவர் சிதம்பரத்துக்கு அங்கே முறுக்கு, மிக்சர், காப்பித்தூள், அப்பளம் விற்கிற கடை. ஒரே மகன் பிரவீண் ஹைதராபாத்தில் வேலைக்குப் போய்விட்டான். கனகவல்லி கார்த்திகைக்குக் கார்த்திகை முருகனுக்கு விரதம் இருப்பாள். அதைத் தவிர மதம் என்று தனியாக ஒன்றை அவள் யோசித்ததே கிடையாது.

அன்று கூடத்தில் அவளுக்கு முன்னால் ஒரு தமிழ் லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். பெயர் சிவலிங்கம். கிடர்பூரில் சரக்கு ஏற்ற நாலு நாளாகக் காத்துக் கிடக்கிறாராம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் தமிழிலேயே பேசினார். டாக்டர் வங்காளியில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டார். பொறுக்க முடியாமல் கனகவல்லி இடையில் புகுந்தாள்.

"இவர் வெளிக்குப் போய் நாலு நாளாச்சாம்" என்பதை வங்காளியில் சொன்னாள். பிறகு, "அவருக்கு முழங்கால்ல வலியில்ல, அது எனக்கு" என்றாள். பிறகு, "அவரு அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு" என்றாள். டாக்டர் யாருக்கு எது என்று புரியாமல் பேனாவைக் கீழே வைத்தார்.

பக்கத்தில் மருந்து அடுக்கிக்கொண்டிருந்த பாஸ்டர் நந்திதா பிஸ்வாஸ் சிரித்துவிட்டார். "அவர் என்ன சொல்கிறாரோ அதை அவராகவே சொல்லுங்கள், அக்கா. அவர் 'நான்' என்றால் நீங்களும் 'நான்' என்றே சொல்லுங்கள். குழப்பம் இருக்காது."

குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது என்று கனகவல்லி பிற்பாடு சொல்வாள்.

அடுத்த வியாழனும் அவளைக் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த வியாழனும். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்து மொழி தெரியாமல் தவிக்கிற அம்மா அப்பாக்கள், லாரிக்காரர்கள், புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் என்று வாரம் நாலைந்து தமிழர்களாவது வந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் அதே கூடத்தில் கிச்சுரி போடுவார்கள். அரிசியும் பருப்பும் காய்கறியும் சேர்த்துக் குழைய வேகவைத்த சாதம். தெருவில் படுத்திருப்பவரும் வருவார், ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு வருபவரும் வருவார், இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். கனகவல்லி அங்கேயும் போனாள். எல்லோரும் அவளைக் கனகா அக்கா என்ற அர்த்தத்தில் கனகாதி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் பாஸ்டர், "ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு இரண்டு மூன்று தமிழ்க்காரர்கள் வருகிறார்கள். ஒன்றும் புரியாமல் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். கடைசி வரிசையில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

வயிற்று வலியைச் சொன்ன வாயால் இதையும் சொல்லலாம் என்றுதான் அவள் ஒப்புக்கொண்டாள். ஆனால் ஆராதனை நடுவில் எல்லோரும் எழுந்து நின்று ஒரு அறிக்கை வாசிப்பார்கள். அந்தச் சபை தனக்கென்று எழுதி வைத்துக்கொண்டது. அதில் முதல் சொல்லே 'நான் நம்புகிறேன்' என்பதுதான். கனகவல்லி பழக்கப்படி அதை அப்படியே தமிழில் சொன்னாள்.

"நான் நம்புதேன். நான் தேடிப் போறதுக்கு முன்னாடியே கடவுளோட அருள் என்னத் தேடி வந்து நிக்கி. அவரு மேசையில எல்லாருக்கும் எடம் உண்டு."

முடிந்ததும் பக்கத்தில் இருந்த, தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்காரர் ஒருவர், "அருள் இல்லம்மா, கிருபை" என்றார்.

"ரெண்டும் வேறயா?"

அவர் யோசித்தார். "வேறதான். ஆனா எப்பிடி வேறன்னு கேட்டா சொல்லத் தெரியல."

அன்று சாயங்காலம் வீட்டில் முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போது அவளுக்குக் கை நின்றது. காலையில் 'நான் நம்புகிறேன்' என்று சொன்னது யார்? மாற்றிச் சொன்னதுதானே, அது நம்ம பேச்சில் சேராது என்று ஒரு மனம் சொன்னது. அப்படியானால் அது ஏன் சாயங்காலம் வரைக்கும் கூடவே வருகிறது என்று இன்னொரு மனம் கேட்டது. திரியைத் தூண்டிவிட்டு எழுந்துவிட்டாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார்கள். "இந்த மேசைக்கு யாரும் வரலாம், உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை" என்று பாஸ்டர் சொல்ல, அவள் அதைத் தமிழாக்கினாள். அவளருகே இருந்தவர்கள் எழுந்து போய் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அவள் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

"நீங்க வரலியா? யாரும் வரலாம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அது நான் சொல்லல. அவங்க சொன்னது" என்றாள் கனகவல்லி. சொல்லும்போதே அது சரியான பதிலா என்று சந்தேகமாக இருந்தது.

இதற்குள் விஷயம் கடை வரைக்கும் போய்விட்டது. பஜனைக் குழுவில் இருக்கும் கோபாலன் காப்பித்தூள் வாங்க வந்தபோது, "வீட்டுல சேர்ந்துட்டாங்களாமே?" என்று சிதம்பரத்திடம் கேட்டார்.

"எதுல?"

"அதான், சர்ச்சுல."

"தமிழ் பேசப் போறா" என்றார் சிதம்பரம். அரைத்த தூளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டின்போது அவளிடம் கேட்டார். "சேர்ந்துட்டியா?"

"யாரும் சேரச் சொல்லல."

"சொன்னா?"

"தெரியல."

அவர் மோர் ஊற்றிக்கொண்டார்.

அந்தச் சபையில் வழக்கமாக வருபவர்களில் சங்கவி, ரஞ்சனா என்று இரண்டு பெண்கள் உண்டு. சங்கவி திண்டுக்கல்காரி, ஒரு ஐடி கம்பெனியில் வேலை. ரஞ்சனா வங்காளி, அந்தச் சபையிலேயே பிறந்து வளர்ந்தவள், பள்ளி ஆசிரியை. இருவரும் டாலிகஞ்சில் ஒரே வீட்டில் இருந்தார்கள். சனிக்கிழமைகளில் கிச்சுரி பரிமாறுவார்கள். சங்கவி இலையில் பரிமாறுவது போல ஒவ்வொரு தட்டிலும் ஓரமாக ஊறுகாய் வைப்பாள். கனகவல்லிக்கு அவளைப் பிடிக்கும். பிரவீணுக்குக் கேட்டுப் பார்க்கலாமா என்றுகூட ஒரு தடவை நினைத்திருக்கிறாள்.

சென்ற ஜூலையில் ஒரு சனிக்கிழமை, கிச்சுரிப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பாஸ்டர் வந்து கையைப் பிடித்தார். "கனகாதி, சங்கவியின் அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். என்னிடம் பேச வேண்டுமாம். சங்கவி தன்னால் மாற்றிச் சொல்ல முடியாது என்கிறாள். தான் சொன்னால் அம்மா நம்ப மாட்டாராம். நீங்கள் வருகிறீர்களா?"

கனகவல்லி கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

பாஸ்டரின் அறையில் ஒரு மேசை, ஐந்து பிளாஸ்டிக் நாற்காலி. சங்கவியின் அம்மா சுந்தரி மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கனகவல்லியின் வயதுதான் இருக்கும். சங்கவியும் ரஞ்சனாவும் எதிரே இருந்தார்கள். சுந்தரி கனகவல்லியின் நெற்றியில் இருந்த திருநீற்றையும் குங்குமத்தையும் பார்த்தாள். முகம் கொஞ்சம் தளர்ந்தது.

"நம்ம ஆளா? இங்க என்ன பண்றீங்க?"

"நீங்க பேசுதத மாத்திச் சொல்ல வந்திருக்கேன்."

"மதம் மாறிட்டீங்களா?"

"இல்ல." நாற்காலியில் உட்கார்ந்தபடி, "இல்லன்னுதான் நெனைக்கேன்" என்றாள்.

சுந்தரி பாஸ்டர் பக்கம் திரும்பினாள். "கேளுங்க. என் மகள எதுக்கு மதம் மாத்துனாங்க?"

பாஸ்டர் வங்காளியில் பதில் சொன்னார். கனகவல்லி வழக்கம்போல ஆரம்பித்தாள். "நான் யாரையும் மாத்தல."

"நீங்க மாத்துனீங்கன்னு நான் சொல்லலையே."

"இல்லம்மா, நான்னா அவங்க. அவங்க சொல்லுதாங்க. சங்கவிக்கு இங்க ஞானஸ்நானம் ஒண்ணும் குடுக்கல, அவளும் கேக்கல. வாரா, சாப்பாடு பரிமாறுதா, போறா. அவ்வளவுதான்னு சொல்லுதாங்க."

"அப்ப இது எப்படி ஆச்சு?" சுந்தரியின் குரல் உயரவில்லை, இன்னும் தாழ்ந்தது. "என் மகளும் இந்தப் பொண்ணும் புருஷன் பொண்டாட்டி மாதிரி இருக்காங்களாம். நேத்து அவளே என்கிட்ட சொல்றா. இந்தச் சர்ச்சுல எல்லாருக்கும் தெரியுமாம். தெரிஞ்சுதான் ஒக்கார வச்சிருக்காங்களாம். அதக் கேளுங்க."

கனகவல்லி தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்தாள். சங்கவியைப் பார்த்தாள். சங்கவி தலையை மட்டும் அசைத்தாள். எல்லோருக்கும் தெரியுமாம். அவளுக்குத் தெரியாது. ஒரு வருஷமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து 'எல்லோரும்' 'எல்லோரும்' என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் சொல்லுக்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரிந்தும் பிடிபடவில்லை.

பாஸ்டர் காத்திருந்தார். கனகவல்லி மெதுவாக அதை வங்காளியில் சொன்னாள். சில சொற்களுக்கு வங்காளியில் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை, சுற்றி வளைத்துச் சொன்னாள்.

"ஆமாம், தெரியும்" என்றார் பாஸ்டர்.

"தப்ப தப்புன்னு சொல்ற எடம்தானே கோயிலும் சர்ச்சும்? இவங்களே சரின்னா நாங்க எங்க போறது?"

பாஸ்டர் நிறுத்தி நிறுத்திப் பேசினார், கனகவல்லிக்கு நேரம் கொடுத்து. இதே மதத்தில் நிறையப் பேர் இதைத் தப்பு என்றுதான் சொல்கிறார்கள். அவருக்குக் கோபமாகக் கடிதம் எழுதுகிறவர்களும் உண்டு. இந்தச் சபையில் மூன்று வருஷம் பேசினார்கள், சண்டை போட்டார்கள், பதினோரு குடும்பங்கள் விலகிப் போயின. மெதடிஸ்டுகளுக்குப் பழைய விதிகள் மூன்று உண்டு. தீங்கு செய்யாதே, நன்மை செய், கடவுளோடு ஒட்டியிரு. "இந்த இரண்டு பேரும் யாருக்குத் தீங்கு செய்தார்கள் என்று நான் தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைக்கவில்லை."

கனகவல்லி அதைச் சொல்லி முடிப்பதற்குள் சுந்தரி சொன்னாள். "எனக்குச் செஞ்சிருக்காங்க."

அதை வங்காளியில் கேட்டதும் பாஸ்டர் சுந்தரி பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "ஆமாம். உங்களுக்கு வலிக்கிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை" என்றார்.

சுந்தரிக்கு அந்தப் பதிலில் கோபம்தான் வந்தது. ரஞ்சனாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். "இவ நல்லாவே இருக்க மாட்டா. என் வயித்தெரிச்சல் இவளச் சும்மா விடாது. சொல்லுங்க அவகிட்ட."

கனகவல்லி ரஞ்சனா பக்கம் திரும்பி, "ரொம்ப வேதனையில் இருக்கிறார்" என்று வங்காளியில் சொன்னாள்.

அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் இன்னொருத்தி இருந்தாள். "ஆன்ட்டி" என்றாள் சங்கவி. "அம்மா சொன்னத அப்படியே சொல்லுங்க. அவளுக்குத் தெரியணும்."

தீங்கு செய்யாதே என்று கனகவல்லி இப்போதுதான் தன் வாயால் சொன்னாள். அந்த வாயால் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் சுந்தரிக்குச் செய்கிற துரோகம் அல்லவா? எது தீங்கு என்றே அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். 'நீ நன்றாகவே இருக்க மாட்டாய். என் வயிற்றெரிச்சல் உன்னைச் சும்மா விடாது.' வேறு யாருடைய சாபமோ அவள் குரலில் போய் அந்தப் பெண்ணிடம் சேர்ந்தது.

ரஞ்சனா அழவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சுந்தரியைக் காட்டினாள். "மாஷிமாவிடம் சொல்லுங்கள், என் அம்மாவும் இதையேதான் சொன்னார். இரண்டு வருஷம்."

கனகவல்லி சொன்னாள்.

சுந்தரி எதிர்பார்க்கவில்லை. "இப்ப பேசுறாங்களா அவங்க அம்மா?" என்று கேட்டாள்.

"பேசுதாங்களாம். ஞாயித்துக்கெழம மீன் கொழம்பு குடுத்தனுப்புவாங்களாம். சங்கவிக்கு முள்ளு எடுக்கத் தெரியாதுன்னு முள்ளில்லாத மீனாப் பாத்து."

சுந்தரி மகளைப் பார்த்தாள். "மீன் திங்கிறியா நீ?"

"ஞாயித்துக்கெழம மட்டும்" என்றாள் சங்கவி.

அதன் பிறகு சுந்தரி பாஸ்டரிடம் கேட்டது ஒன்றுதான். "நாளைக்கு இவளுக்கு வயசாகி ஒண்ணுன்னா யாரு பாப்பா? புள்ளயா குட்டியா?"

பாஸ்டர், "எனக்குத் தெரியாது. இந்தக் கூடத்தில் அவளுக்கு ஒரு தட்டு எப்போதும் இருக்கும். அதற்கு மேல் வாக்குக் கொடுத்தால் பொய்யாகிவிடும்" என்றார். கனகவல்லி தமிழில் சொன்னாள்.

"இது அவங்க சொல்றதா, நீங்க சொல்றதா?"

"அவங்க சொல்லுதது."

"நீங்க என்ன சொல்றீங்க? நீங்களும் புள்ள பெத்தவங்கதானே?"

கனகவல்லியிடம் அந்தக் கூடத்தில் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பாஸ்டரைப் பார்த்தாள். தமிழ் தெரியாத பாஸ்டர் அவள் மாற்றிச் சொல்வாள் என்று காத்திருந்தார்.

"எனக்குப் புரியலம்மா" என்றாள். "காலைல வரைக்கும் இவங்க ரெண்டு பேரும் சேந்து வாடகைக்கு இருக்குத பிள்ளைகன்னுதான் நெனச்சிருந்தேன். சரின்னு சொல்லத் தெரியல. தப்புன்னு சொல்லவும் வாய் வரல."

"எனக்கும்தான் புரியல" என்றாள் சுந்தரி. கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். பாஸ்டர் டீ வரவழைத்தார். சுந்தரி பாதி குடித்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கனகவல்லி எல்லாவற்றையும் சிதம்பரத்திடம் சொன்னாள். அவர் முறுக்கு டின்னுக்கு மூடி தேடிக்கொண்டே கேட்டார்.

"நீ எதுக்கு அதுல போய் மாட்டுன?"

"கூப்பிட்டாங்க."

"சரின்னு சொல்லுதியா, தப்புன்னு சொல்லுதியா?"

"நீங்க சொல்லுங்க."

அவர் டின்னை மூடிவிட்டு, "அந்தப் பிள்ள ஊறுகா நம்ம கடையிலதான் வாங்குதா" என்றார். அது எந்தப் பக்கத்துப் பதில் என்று கனகவல்லிக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கியிருக்காது.

அடுத்த நாள் ஞாயிறு. அறிக்கை வாசிக்க எழுந்தபோது அவளுக்கு 'நான்' என்று சொல்ல வரவில்லை. 'இவங்க நம்புதாங்க' என்று மாற்றிச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்கள் கவனிக்கவில்லை. முடிந்ததும் பாஸ்டரிடம் போய் நேராகவே கேட்டுவிட்டாள். "நான் மற்றவர்களுக்காக 'நம்புகிறேன்' என்று சொல்கிறேனே, அது என் கணக்கில் சேருமா?"

பாஸ்டர் இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "நானே சில வாரம் வாயால்தான் சொல்கிறேன், கனகாதி. மனம் பின்னால் வருகிறது. சில வாரம் வருவதே இல்லை."

"நான் உள்ளே இருக்கிறேனா, வெளியே இருக்கிறேனா?"

"உங்களை இங்கே யாராவது அப்படிக் கேட்டார்களா?"

"இல்லை. கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்" என்றாள் அவள்.

சுந்தரி ஊருக்குப் போன எட்டாம் நாள் அவளிடமிருந்து போன் வந்தது. நம்பரைச் சங்கவியிடம் வாங்கவில்லை, ஊருக்குக் கிளம்பும்போது கனகவல்லி கொடுத்தனுப்பிய காப்பித்தூள் பொட்டலத்தில் இருந்த கடை நம்பர். "சாப்பிடுறாளா அவ?" என்றாள். சனிக்கிழமை பார்த்தேன், சாப்பிடுகிறாள் என்றாள் கனகவல்லி. அதிலிருந்து வாராவாரம் பேசினார்கள். மகளிடமும் சுந்தரி பேசினாள். வேலை, மழை, கேஸ் சிலிண்டர் பற்றிப் பேசுவாளாம், ரஞ்சனா பெயரை எடுக்க மாட்டாளாம். அதைக் கனகவல்லியிடம் கேட்டுக்கொள்வாள். "அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல்னு சங்கவி பேச்சுல பட்டுச்சு. எப்படி இருக்கு?" ஏன் நேராகக் கேட்கக் கூடாது என்று கனகவல்லி ஒரு தடவை கேட்டாள். போன் வைக்கப்பட்டுவிட்டது. அடுத்த வாரம் ஒன்றும் நடக்காதது போல மறுபடி வந்தது.

துர்கா பூஜைக்கு முந்தின வாரம் சுந்தரி, "லீவுல வரலாம்னு இருக்கேன். அவ வீட்டுல தங்க முடியாது என்னால. உங்க வீட்டுல ஒரு வாரம் இருக்கலாமா?" என்று கேட்டாள்.

கனகவல்லி யோசிக்காமல் வாங்க என்று சொல்லிவிட்டாள். பிறகு சங்கவியிடம் சொன்னபோது, அந்தப் பெண் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் நின்றாள். "எங்க வீட்டுலயே ஒரு ரூம் இருக்கு, ஆன்ட்டி. ரஞ்சனா அதுக்குப் புதுசாக் கர்ட்டன் வாங்கி வச்சிருக்கா."

அப்போதுதான் கனகவல்லிக்கு உறைத்தது. தான் இடம் கொடுத்ததால்தான் அந்த அம்மா அந்த வீட்டுக்குப் போகாமல் தப்பிக்கிறாளோ? இல்லை, இடம் கொடுக்காவிட்டால் இந்த ஊருக்கே வந்திருக்க மாட்டாளோ? பாஸ்டரிடம் கேட்டாள். அவர் தெரியவில்லை என்றார். சிதம்பரத்திடம் கேட்டாள். வருபவர்களுக்குப் பால் கூடுதலாகச் சொல்லட்டுமா என்றார்.

சுந்தரி பூஜை ஆரம்பிக்கிற சஷ்டியன்று வந்து சேர்ந்தாள். மூன்று நாள் கனகவல்லி வீட்டில் இருந்தாள். சங்கவி தினமும் வந்து பார்த்தாள், தனியாக. நாலாம் நாள் காலையில் சுந்தரி குளித்து, புடவை மாற்றி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "டாலிகஞ்சுக்கு மெட்ரோவா, ஆட்டோவா?" என்று கேட்டாள்.

"மெட்ரோ. நானும் வரட்டுமா? அந்தப் பிள்ளைகூடப் பேசணும்னா..."

"வேண்டாம்" என்றாள் சுந்தரி. "நீங்க வந்தா நீங்க பேசிருவீங்க."

பின்மத்தியானம் திரும்பி வந்தாள். என்ன பேசினார்கள், எந்த மொழியில் பேசினார்கள் என்று அவள் சொல்லவில்லை. கனகவல்லியும் எப்படிக் கேட்பது என்று தெரியாமல், சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டாள். அங்கேயே சாப்பிட்டேன் என்றாள் சுந்தரி.